கன்டெய்னர் எந்த மேஜையில் நிற்கிறது? வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரியான வேலைகளைத்தான் செய்து பார்க்கிறோம். ஒரு ஈமெயில் முகவரி உருவாக்குவோம். கரண்ட் பில் கட்டுவோம். ரயில் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்த்து, வீட்டில் உள்ளவர்களிடம் பெருமையாகச் சொல்வோம். 2023 பிப்ரவரியில் கம்ப்யூட்டர் வாங்கிய என் பெரியப்பாவும் இப்படித்தான் ஆரம்பித்தார். அவர் சென்னை கொத்தவால்சாவடியில் உலர் பழங்களை மொத்த வியாபாரம் செய்கிறவர்.

மார்ச் மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு போன் செய்தார். "ஏம்பா, ரயில் எங்க வருதுன்னு பார்க்கிற இந்தப் பெட்டியில என் கன்டெய்னர் எங்க நிக்குதுன்னு பார்க்க முடியாதா?"

அவருடைய கவலை எனக்குத் தெரியும். ஈராக்கிலிருந்து ஒரு கன்டெய்னர் பேரீச்சம்பழம் வரவழைத்திருந்தார். அந்த ஆண்டு மார்ச் 24-ல் ரமலான் நோன்பு தொடங்க இருந்தது. நோன்புக்கு முந்தைய பத்து நாளில் விற்பதுதான் விற்பனை. அதன் பிறகு அதே பழத்திற்குப் பாதி மரியாதைகூடக் கிடைக்காது. கப்பல் வந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. கிளியரிங் ஏஜென்ட்டிடம் கேட்டால் தினமும் ஒரே பதில்: "கஸ்டம்ஸ்ல நிக்குது சார்." நிற்கும் ஒவ்வொரு நாளும் கன்டெய்னர் யார்டுக்கு வாடகை ஏறிக்கொண்டிருந்தது.

பார்க்க முடியும் என்று சொல்லி மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். அன்று நாங்கள் இருவரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன். நீங்கள் வியாபாரியாக இல்லாவிட்டாலும் இது உதவும். வெளிநாட்டிலிருந்து விதை வாங்கலாம், நாய்க்குட்டியுடன் மகன் ஊர் திரும்பலாம், அல்லது "உங்கள் பார்சல் கஸ்டம்சில் மாட்டிக்கொண்டது" என்று யாராவது போன் செய்யலாம். கடைசியில் சொன்னது இப்போது நிறைய பேருக்கு நடக்கிறது.

பெட்டி எங்கே, பேப்பர் எங்கே?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கப்பல் கம்பெனிகளின் வெப்சைட்டில் கன்டெய்னர் நம்பரை டைப் செய்தால் பெட்டி எந்தத் துறைமுகத்தில், எந்தத் தேதியில் இறங்கியது என்று வரும். கன்டெய்னர் நம்பர் என்பது நான்கு ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம். பெரியப்பா இதை ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆனால் அது பெட்டியின் இருப்பிடத்தை மட்டும்தான் சொல்லும். பெட்டியைத் திறந்து வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது பேப்பர். பேப்பர் எந்த அதிகாரியின் மேஜையில் இருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய தகவல்.

மேஜை ஒன்று அல்ல. "கஸ்டம்ஸ்ல நிக்குது" என்று எல்லாரும் சொன்னாலும், சாப்பிடும் பொருள், செடி, விலங்கு என்றால் கஸ்டம்சோடு இன்னும் சில துறைகள் சரி என்று சொல்ல வேண்டும். உணவுப் பொருளுக்கு எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனப்படும் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம். செடி, விதை, பழம், தானியம், மரம் ஆகியவற்றுக்கு பிளான்ட் குவாரண்டைன் துறை. சென்னையில் இதன் நிலையம் மீனம்பாக்கத்தில் இருக்கிறது. உயிருள்ள விலங்குகள், பறவைகள், இறைச்சி, பால் பொருட்கள் ஆகியவற்றுக்கு அனிமல் குவாரண்டைன் துறை. இது பள்ளிக்கரணையில் இருக்கிறது. பேரீச்சம்பழம் பழமும்தான், உணவும்தான். எனவே அதற்கு மூன்று மேஜை.

முன்பெல்லாம் இந்த அலுவலகங்களுக்குத் தனித்தனியாக விண்ணப்பம் எழுதி, பைலைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். 2016 ஏப்ரல் 1-ல் ஸ்விப்ட் என்ற ஒற்றைச் சாளர முறை வந்தது. இறக்குமதி செய்பவர் கஸ்டம்சுக்கு ஆன்லைனில் ஒரே ஒரு படிவம் கொடுத்தால் போதும். சரக்கின் வகையைப் பார்த்து, எந்தெந்தத் துறைக்கு அனுப்ப வேண்டுமோ அங்கெல்லாம் கம்ப்யூட்டரே அனுப்பிவிடும். எல்லா சரக்கையும் பிரித்துப் பார்ப்பதும் இல்லை. எதைச் சோதிக்க வேண்டும் என்பதை ரிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற சாப்ட்வேர் முறை தேர்ந்தெடுக்கிறது.

படிவம் ஒன்றாகிவிட்டது, ஆனால் மேஜைகள் ஒன்றாகவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் என்ன வைத்திருக்க வேண்டும்?

மூன்று தகவல் தேவை. பில் ஆப் என்ட்ரி நம்பர், அதன் தேதி, துறைமுகத்தின் பெயர் அல்லது கோடு. பில் ஆப் என்ட்ரி என்பதுதான் மேலே சொன்ன அந்தப் படிவம். அதன் நம்பர் ஏழு இலக்கம். தேதி என்பது கப்பல் வந்த தேதி அல்ல, படிவம் பதிவான தேதி. பலர் இங்கேதான் தவறுகிறார்கள்.

பெரியப்பாவிடம் இந்த நம்பர் இல்லை. பத்து வருடமாக இறக்குமதி செய்கிறார், ஒரு முறைகூடக் கேட்டு வாங்கியதில்லையாம். "அதெல்லாம் ஏஜென்ட் பார்த்துக்குவார்பா" என்றார். ஏஜென்ட்டுக்கு போன் செய்தோம். எதற்கு சார் உங்களுக்கு என்று கொஞ்சம் இழுத்துவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தார். உங்கள் பணத்தில், உங்கள் பெயரில், உங்கள் இறக்குமதியாளர் கோடு போட்டுப் பதிவான படிவம் அது. நம்பரைக் கேட்க நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

ஐஸ்கேட்டில் நுழைவோம்

கஸ்டம்ஸ் துறையின் இன்டர்நெட் வாசலுக்கு ஐஸ்கேட் என்று பெயர். சர்ச் இஞ்சினில் இந்தப் பெயரை டைப் செய்தால் பல முடிவுகள் வரும். முகவரியின் கடைசியில் ஜி.ஓ.வி. டாட் ஐ.என். என்று முடிகிற அரசுத் தளத்தை மட்டும் கிளிக் செய்யுங்கள். பெயரை ஒட்டி வேறு தனியார் தளங்களும் வரிசையில் வந்து நிற்கும். சரியான தளம் திறந்ததும் கண்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு டி கீயைத் தட்டி புக்மார்க் செய்துவிடுங்கள். அடுத்த முறை தேட வேண்டாம்.

உள்ளே பொதுமக்கள் பார்ப்பதற்கான என்கொயரி பகுதி இருக்கும். அரசுத் தளங்களில் மெனுவை அவ்வப்போது இடம் மாற்றுவார்கள். ஆகவே இடது பக்கம், வலது பக்கம் என்று மனப்பாடம் செய்யாமல், பப்ளிக் என்கொயரி என்ற வார்த்தையைத் தேடுங்கள். அதற்குள் பில் ஆப் என்ட்ரி ஸ்டேட்டஸ் என்ற லிங்க் இருக்கும். இதற்கு யூசர் நேம், பாஸ்வேர்ட் எதுவும் வேண்டாம். துறைமுகத்தைத் தேர்ந்தெடுத்து, நம்பரையும் தேதியையும் கொடுத்து, படத்தில் கோணல்மாணலாகத் தெரியும் எழுத்துகளைப் பார்த்துக் கட்டத்தில் டைப் செய்ய வேண்டும். கேப்ட்சா எனப்படும் இந்தப் படம், கேட்பது மனிதர்தானா என்று சோதிப்பதற்காக. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்த்து அடியுங்கள்.

நாங்கள் எல்லாம் சரியாகக் கொடுத்தோம். "ரெக்கார்ட் எதுவும் இல்லை" என்று வந்தது. பெரியப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. படிவமே போடவில்லையா, ஒன்பது நாளாக ஏமாற்றினார்களா என்று எழுந்து நின்றுவிட்டார்.

தப்பு என்னுடையது. சென்னை என்று பார்த்ததும் அவசரத்தில் விமான சரக்குப் பிரிவைத் தேர்ந்தெடுத்திருந்தேன். சென்னை துறைமுகத்தின் கோடு ஐ.என்.எம்.ஏ.ஏ. 1. சென்னை விமான சரக்கின் கோடு ஐ.என்.எம்.ஏ.ஏ. 4. கடைசி இலக்கம் ஒன்றுதான் வித்தியாசம். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குத் தனிக் கோடு. ஆகவே ரெக்கார்ட் இல்லை என்று வந்தால் யாரையும் திட்டுவதற்கு முன் கோடையும் தேதியையும் ஒரு முறை சரிபாருங்கள். (சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறவனே தடுமாறினால் புதியவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்காதீர்கள். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.)

திரையில் வருவதைப் படிப்பது எப்படி?

சரியான துறைமுகத்தைக் கொடுத்ததும் சுருக்கெழுத்துகள் நிறைந்த பட்டியல் ஒன்று வரும். எல்லாவற்றையும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. சில தேதிகள் போதும்.

அசெஸ்மென்ட் தேதி இருந்தால் எவ்வளவு வரி என்று அதிகாரி முடிவு செய்துவிட்டார் என்று பொருள். பேமென்ட் தேதி இருந்தால் வரி கட்டியாகிவிட்டது. எக்ஸாம் தேதி என்பது சரக்கைச் சோதித்த தேதி. கடைசியாக ஓ.ஓ.சி. என்று இருக்கும். அவுட் ஆப் சார்ஜ் என்பதன் சுருக்கம் அது. சரக்கு எங்கள் பொறுப்பிலிருந்து வெளியே போகலாம் என்று கஸ்டம்ஸ் சொல்வது. இந்தத் தேதி விழுந்த பிறகும் சரக்கு வெளியே வரவில்லை என்றால் பிரச்சினை லாரியிலோ, யார்டு பில்லிலோ, கப்பல் கம்பெனியின் டெலிவரி ஆர்டரிலோ இருக்கலாம். கஸ்டம்சில் இல்லை.

இன்னொரு முக்கியமான இடம், கொயரி. அதிகாரி ஏதாவது கேள்வி கேட்டிருந்தால் இங்கே தெரியும். பதில் கொடுக்கப்பட்டதா, எந்தத் தேதியில் என்பதும் தெரியும். கொயரி இருந்து பதில் தேதி காலியாக இருந்தால், பேப்பர் அதிகாரியின் மேஜையில் இல்லை, நம் மேஜையில் இருக்கிறது! புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பெரியப்பாவின் பட்டியலில் அசெஸ்மென்ட் முடிந்திருந்தது. வரி கட்டி ஐந்து நாள் ஆகியிருந்தது. கொயரி இல்லை. ஓ.ஓ.சி. மட்டும் காலி. அதாவது "கஸ்டம்ஸ்ல நிக்குது" என்பது பாதிதான் உண்மை. கஸ்டம்ஸ் வேறு யாருக்காகவோ காத்திருந்தது.

உணவுத் துறையின் மேஜை

எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஆணையத்துக்கு உணவு இறக்குமதிக்கென்று தனி ஆன்லைன் முறை இருக்கிறது. புட் இம்போர்ட் கிளியரன்ஸ் சிஸ்டம் என்று பெயர். கஸ்டம்சில் கொடுத்த படிவம் இங்கே வந்து சேர்ந்ததும் பேப்பர்களைப் பார்ப்பார்கள். சந்தேகம் இருந்தால் கேட்பார்கள். பிறகு கட்டணம், நேரில் சோதனை, தேவைப்பட்டால் சாம்பிள். சாம்பிளை இரண்டு பங்காக எடுத்து, ஒன்றை லேபுக்கு அனுப்பி, இன்னொன்றைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்வார்கள். முதல் ரிசல்ட்டை எதிர்த்து முறையிட்டால் இரண்டாவது பங்கு உதவும். எல்லாம் சரி என்றால் என்.ஓ.சி. இல்லையென்றால் என்.சி.ஆர்., அதாவது தரத்துக்கு ஒத்துவரவில்லை என்ற அறிக்கை.

இதையெல்லாம் பார்க்க லாகின் வேண்டும். பெரியப்பாவின் பெயரில் லாகின் இருந்தது. அதன் பாஸ்வேர்ட் ஏஜென்ட் ஆபீசில் இருந்தது. பதிவு செய்த ஈமெயிலும் அவர்களுடையது. பாஸ்வேர்ட் மறந்துவிட்டது என்ற லிங்கைக் கிளிக் செய்தால் அவர்களுக்குத்தான் மெயில் போகும்!

நான்கு போன் செய்து, மதியம் மூன்று மணிக்கு உள்ளே போனோம். சோதனை முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பெட்டிகளின் லேபிளில் இறக்குமதி செய்பவரின் பெயர், முகவரி, எப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. லைசென்ஸ் நம்பர் ஆகியவை இல்லை, சரிசெய்யவும் என்று அதிகாரி எழுதியிருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை. ஏஜென்ட் ஆபீசில் அந்த வேலையைப் பார்க்கும் பையன் லீவில் போயிருந்தானாம்.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாலு நாளா அவங்க எனக்காகக் காத்துக்கிட்டிருந்திருக்காங்க. நான் அவங்களைத் திட்டிக்கிட்டிருந்தேன்" என்றார்.

அதிர்ஷ்டவசமாக இது சரிசெய்யக்கூடிய குறை. இறக்குமதியாளர் பெயர் முகவரி, பதினான்கு இலக்க லைசென்ஸ் நம்பர், ஆணையத்தின் சின்னம், சைவ அசைவ அடையாளம் போன்றவை விடுபட்டிருந்தால், சரக்கு கஸ்டம்ஸ் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே பிரிக்க முடியாத ஸ்டிக்கராக ஒட்ட அனுமதி உண்டு. 2017-ம் ஆண்டு இறக்குமதி விதிகளில் இது இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஸ்டிக்கரால் மறைத்துவிட முடியாது. தயாரித்த தேதி, காலாவதி தேதி போன்றவற்றைப் பின்னால் ஒட்ட விடமாட்டார்கள்.

காலாவதி என்றதும் இன்னொரு விதியைச் சொல்லிவிடுகிறேன். கிளியரன்ஸ் ஆகும் நாளில் அந்த உணவின் மொத்த ஆயுளில் 60 சதவீதம் பாக்கி இருக்க வேண்டும், அல்லது காலாவதிக்கு மூன்று மாதம் இருக்க வேண்டும். இரண்டில் எது குறைவோ அது போதும். பத்து மாத ஆயுள் உள்ள பொருள் என்றால் 60 சதவீதம் என்பது ஆறு மாதம். மூன்று மாதம் அதைவிடக் குறைவு. ஆகவே மூன்று மாதம் பாக்கி இருந்தால் சரி. நான்கு மாதமே ஆயுள் உள்ள பொருளுக்கு 60 சதவீதம் என்பது சுமார் 72 நாள். பதில் சொல்லாத ஒவ்வொரு நாளும் இந்தக் கணக்கிலிருந்து கழியும். போதாததற்கு, கஸ்டம்ஸ் சட்டத்தின் 48-வது பிரிவுப்படி 30 நாளுக்குள் எடுக்காத சரக்கை நோட்டீஸ் கொடுத்து விற்றுவிடலாம். அழுகும் பொருள், உயிருள்ள விலங்கு என்றால் அந்த 30 நாள்கூடக் காத்திருக்கத் தேவையில்லை.

அன்று சாயங்காலமே லேபிள் அச்சடிக்கக் கொடுத்தோம். நோன்பு தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது ஓ.ஓ.சி. விழுந்தது. பத்து நாள் வியாபாரத்தில் பாதி போய்விட்டது. பாதி கிடைத்தது. இப்போது பெரியப்பா பெயரில் எல்லா லாகினும் அவருடைய ஈமெயிலில்தான் இருக்கிறது. ஏஜென்ட்டுக்கு வேலை செய்ய வசதி கொடுத்திருக்கிறார், ஆனால் சாவி இவரிடம். ஐஸ்கேட்டில் ஈமெயிலைப் பதிவு செய்து வைத்தால் அவுட் ஆப் சார்ஜ் ஆன பில் ஆப் என்ட்ரி பி.டி.எப். பைலாக மெயிலுக்கே வந்துவிடும். அதையும் செய்து கொடுத்தேன்.

செடியும் விதையும்

பிளான்ட் குவாரண்டைன் துறைக்கும் ஆன்லைன் வசதி உண்டு. இறக்குமதி பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பது, அதன் நிலையைப் பார்ப்பது, வந்த சரக்கு ரிலீஸ் ஆகிவிட்டதா என்று பார்ப்பது எல்லாம் அதில் செய்யலாம். செடியோ விதையோ அனுப்பும் நாட்டின் அதிகாரிகள் பூச்சி, நோய் இல்லை என்று பைட்டோசானிட்டரி சான்றிதழ் தர வேண்டும். 2003-ம் ஆண்டு ஆணைதான் இதற்கு அடிப்படை. எதற்குப் பெர்மிட் வேண்டும், எது வரவே கூடாது என்ற அட்டவணைகள் அதில் இருக்கின்றன.

மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். ஆன்லைன் கடைகளில் வெளிநாட்டு விதைகள் மலிவாகக் கிடைக்கும். கார்ட் பட்டனை அழுத்தினால் பணம் எடுத்துக்கொள்வார்கள். பெர்மிட் இருக்கிறதா என்று கடைக்காரர் கேட்கமாட்டார். பாக்கெட் இங்கே நிறுத்தப்படும்போது நஷ்டம் உங்களுக்கு. 2020-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா என்று பல நாடுகளில் ஆர்டரே செய்யாதவர்கள் வீட்டுக்குத் தபாலில் விதைப் பாக்கெட்டுகள் வந்தன. அந்த ஆகஸ்டில் நம் மத்திய வேளாண் அமைச்சகமும் எச்சரிக்கை வெளியிட்டது. அப்படி ஏதாவது வந்தால் நட்டுப் பார்க்காதீர்கள்.

ஒரு விதையில் என்ன வந்துவிடப் போகிறது என்று நானும் நினைத்தவன்தான். கோயம்புத்தூர், ஈரோடு பக்கத்து விவசாயிகளைக் கேளுங்கள். பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த பூச்சி. எந்தக் கவுன்டரிலும் டோக்கன் வாங்காமல் உள்ளே வந்துவிட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று வெள்ளை வெள்ளையாக அப்பிக்கொண்டு காய வைத்தது. மருந்து அடித்தும் அடங்கவில்லை. கடைசியில் 2010-ல் அமெரிக்க வேளாண் துறை உதவியுடன் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குட்டிக் குளவிகள் வரவழைக்கப்பட்டன. இவை அந்த மாவுப்பூச்சியில் முட்டையிட்டு அதை அழிக்கும். இந்தக் குளவிகளும் இறக்குமதிச் சரக்குதான்! முறைப்படி அனுமதி வாங்கி, பெங்களூரில் குவாரண்டைனில் வைத்துச் சோதித்து, மற்ற பூச்சிகளைத் தொடுவதில்லை என்று உறுதி செய்த பிறகே தோட்டங்களில் விடப்பட்டன. மாவுப்பூச்சி கட்டுக்குள் வந்தது. கேட்காமல் வந்தது கெடுத்தது, வரிசையில் நின்று வந்தது காப்பாற்றியது. ஸ்டேட்டஸ் கட்டத்தில் இன்ஸ்பெக்ஷன் பெண்டிங் என்று பார்த்து எரிச்சல் வரும்போது எனக்கு இந்தக் குளவிகள் ஞாபகம் வரும்.

நாய்க்குட்டி வந்தால்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்து வருகிறவர்கள் வளர்ப்பு நாய், பூனையைக் கொண்டுவர அனிமல் குவாரண்டைன் துறையின் என்.ஓ.சி. வேண்டும். அந்த நாட்டுக் கால்நடை மருத்துவரின் சான்றிதழ், ரேபிஸ் தடுப்பூசி விவரம் ஆகியவை அவசியம். சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஊர்களில்தான் இந்தத் துறையின் நிலையங்கள் உள்ளன. டிக்கெட் வாங்கிவிட்டு என்.ஓ.சி. தேடாதீர்கள். என்.ஓ.சி. நிலையைப் பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள். பேரீச்சம்பழம் யார்டில் ஒன்பது நாள் கிடக்கும், நாய்க்குட்டி கிடக்காது.

"உங்கள் பார்சல் மாட்டிக்கொண்டது"

பெரியப்பா கதை தெருவில் பரவிய பிறகு, பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் என்னைத் தேடி வந்தார். லண்டனிலிருந்து யாரோ பரிசுப் பார்சல் அனுப்பியிருப்பதாகவும், சாக்லேட்டும் நகையும் இருப்பதால் சென்னை ஏர்போர்ட் கஸ்டம்சில் நிற்பதாகவும், 35 ஆயிரம் ரூபாய் கட்டினால் விடுவார்கள் என்றும் போன் வந்ததாம். ஏர்வே பில் நம்பர்கூடக் கொடுத்திருந்தார்கள். நம்பர் இருந்ததால்தான் அக்காவுக்குப் பாதி நம்பிக்கை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு சொல்லித் தருகிறேன். விமான நிறுவனங்களின் ஏர்வே பில் நம்பர் பதினோரு இலக்கம். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தைக் குறிக்கும். ஏர் இந்தியாவுக்கு 098, சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு 618, ஸ்ரீலங்கனுக்கு 603. மீதி எட்டில் முதல் ஏழு இலக்கத்தை 7 ஆல் வகுத்தால் வரும் மீதிதான் எட்டாவது இலக்கம். உதாரணமாக 1234567 என்றால் மீதி 5. ஆகவே நம்பர் 12345675 என்று முடியும். விண்டோஸ் கால்குலேட்டரைத் திறந்து சயன்டிபிக் என்பதைத் தேர்ந்தெடுத்தால் மோட் என்ற பட்டன் இருக்கும். 1234567 டைப் செய்து, மோட் அழுத்தி, 7 கொடுத்து, சமக்குறி பட்டனை அழுத்துங்கள். மீதி நேராக வந்துவிடும்.

அக்காவிடம் இருந்த நம்பரின் கடைசி எட்டு இலக்கம் 20481536. முதல் ஏழை 7 ஆல் வகுத்தால் மீதி 2. ஆனால் கடைசியில் இருந்தது 6. அப்படி ஒரு ஏர்வே பில் இருக்கவே முடியாது! கணக்கு சரியாக வந்தால் நம்பர் உண்மை என்று அர்த்தமில்லை. குத்துமதிப்பாகச் சொன்னாலும் பத்தில் ஒரு முறை பொருந்திவிடும். கூரியர் கம்பெனிகளின் சொந்த நம்பர்களுக்கும் இந்த விதி பொருந்தாது. ஆனால் ஏர்வே பில் என்று சொல்லிக் கொடுத்த நம்பர் இந்தக் கணக்கில் தப்பினால் அத்தோடு பேச்சை முடித்துவிடலாம்.

தபாலில் வரும் வெளிநாட்டுப் பார்சலுக்கு வேறு அமைப்பு. இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், மறுபடி இரண்டு எழுத்து. கடைசி இரண்டு எழுத்து அனுப்பிய நாடு. பிரிட்டன் என்றால் ஜி.பி., அமெரிக்கா என்றால் யூ.எஸ்., இந்தியா என்றால் ஐ.என். லண்டன் பார்சல் என்று சொல்லி ஐ.என். என்று முடியும் நம்பரைக் கொடுத்தால் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிடுங்கள். சரியாகத் தோன்றினால் இந்திய தபால் துறையின் ட்ராக்கிங் பக்கத்தில் நீங்களே டைப் செய்து பாருங்கள். அவர்கள் அனுப்பும் லிங்கைக் கிளிக் செய்து பார்க்காதீர்கள்.

இறக்குமதி வரி எந்தக் காலத்திலும் தனிநபரின் பேங்க் கணக்குக்கோ, யாரோ ஒருவரின் மொபைல் நம்பருக்கோ போகாது. கஸ்டம்ஸ் துறை அனுப்பும் கடிதங்களில் 2019 நவம்பர் 8-லிருந்து டி.ஐ.என். என்ற அடையாள நம்பர் இருக்கும். மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் வெப்சைட்டில் அந்த நம்பரைக் கொடுத்தால் கடிதம் உண்மையா என்று தெரிந்துவிடும். பணம் போய்விட்டது என்றால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு போன் செய்யுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

அக்கா பணம் கட்டவில்லை. மறுநாள் அதே ஆள் மறுபடி போன் செய்தபோது, "பில் ஆப் என்ட்ரி நம்பரும் தேதியும் சொல்லுங்க தம்பி, ஐஸ்கேட்ல பார்த்துட்டுக் கட்டறேன்" என்று கேட்டிருக்கிறார். லைன் கட்டாகிவிட்டதாம்.